ஒரு பத்திக்கு மிகாமல்

மெமோவை வாங்கிக் கையெழுத்துப் போட்டபோது எனக்குக் கை நடுங்கவே இல்லை என்று எங்கள் பஸ் கிளையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சுத்தப் பொய். சாதாரண நாளிலேயே என் கையெழுத்து கோழி கிறுக்கியதுபோலத்தான் இருக்கும். அன்றைக்கு அந்தக் கோழிக்குக் குளிர்காய்ச்சல் வேறு. நகலைக் கிழித்துக் கொடுத்த கிளார்க், "என்னய்யா, பேர விட்டுட்டு வெறும் கோட்ட மட்டும் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அதற்கும் சிரித்துவைத்தேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

நான் பஸ் கண்டக்டர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வரும் டவுன் பஸ். எந்தக் கிளை என்று கேட்காதீர்கள், இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. என் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: நான் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு கேலியும் கொடுப்பேன். சித்தன்னவாசல் பிரிவில் இறங்கும் வெளியூர்க்காரர்கள், "ஓவியமெல்லாம் இருக்குமா சார்?" என்று கேட்டால், "நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு, வெரசாப் போங்க" என்பேன். அவர்கள் உண்மையாகவே வேகமாக நடப்பார்கள். பஸ்ஸே சிரிக்கும். பேச்சுக்கு எனக்குப் பஞ்சமே கிடையாது. எழுதச் சொன்னால்தான் நான் காலி.

மெமோவில் இருந்தது இதுதான். குறிப்பிட்ட நாளில் பேருந்தின் காலை நடையில், கட்டணமில்லாப் பயணம் செய்த பெண் பயணி ஒருவரைப் பார்த்து, "காசு குடுத்தவன் நிக்கிறான், சும்மா வர்றவங்க சொகுசா ஒக்காந்து வர்றாங்க" என்று நடத்துநர் பலர் முன்னிலையில் இழிவாகப் பேசியதாகப் புகார். மூன்று நாள்களுக்குள் விளக்கம் தரவேண்டும். அதற்குக் கீழே, தட்டச்சில் இல்லாமல் பேனாவில், யாரோ சேர்த்திருந்தார்கள்: ஒரு பத்திக்கு மிகாமல்.

நான் அதைச் சொல்லவில்லை. இதை இப்போது எழுதும்போதுகூடப் பல்லைக் கடிக்கிறேன். சொல்லவே இல்லை. அன்றைக்குக் கூட்டம் நெருக்கியது. மூன்றாவது வரிசையில் சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அக்கா, காலடியில் சாந்துச் சட்டியையும் மடியில் தூக்குவாளியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொன்னவன் அவன். அவன் சொன்னான், புதுக்கோட்டையில் இறங்கினான், போனான். மெமோ எனக்கு.

மெமோவை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு டீ சொன்னேன். சஸ்பெண்ட் ஆகிவிட்டேன், பேப்பரில் படம் போட்டுவிட்டார்கள், எங்கள் தெருவில் இருக்கும் அத்தனை பெண்களும் எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுகிறார்கள், என்று டீ குடித்து முடிப்பதற்குள் வாழ்க்கையையே ஓட்டிப் பார்த்துவிட்டேன். படத்தில் எனக்குத் தொப்பை தெரியுமா என்றும் ஒரு கவலை.

கிளையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு எந்த மெமோ வந்தாலும் விளக்கம் ஒன்றேதான். என்னுடன் வேலை பார்க்கும் ஒரு கண்டக்டர் அதைத் தன் போனில் வைத்திருக்கிறார். கேட்டால் அனுப்புவார். தேதியையும் தடத்தையும் மாற்றி எழுதிக்கொள்ள வேண்டியதுதான். "என் தாயாருக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால் மிகுந்த மனஉளைச்சலில் இருந்த நிலையில், அறியாமல் நடந்துவிட்ட இச்செயலுக்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்காது என உறுதி கூறுகிறேன், இம்முறை மன்னிக்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்." டீசல் அதிகமாகச் செலவானாலும் இதுதான். ஸ்டாப்பில் நிற்காமல் போனாலும் இதுதான். கண்ணாடி உடைந்தாலும் இதுதான். எங்கள் கிளையின் ஃபைல்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வட்டாரத்தில் ஒரு தாய்கூட எழுந்து நடமாட முடியாது.

"மாப்ள, அனுப்பிட்டேன், பாத்து எழுதிக் குடுத்துட்டு வா" என்றார் அவர்.

"நான் செய்யலையே. செஞ்சுட்டேன்னு எழுதச் சொல்றியே?"

"செஞ்சேன்னு எங்க எழுதியிருக்கு? வருத்தம்னுதான எழுதியிருக்கு."

"அறியாமல் நடந்துவிட்ட இச்செயல்னு இருக்கே. எச்செயல்?"

"அட, எல்லாச் செயலும்தான். மேனேஜர் ஐயா அதெல்லாம் படிக்க மாட்டாரு மாப்ள. கடைசி வரியில மன்னிப்பு இருக்கான்னு பாப்பாரு, கையெழுத்துப் போடுவாரு. நீ என்னமோ பரிட்ச எழுதப் போற மாதிரி மொகரையத் தூக்கி வச்சிருக்க."

"எங்கம்மா நல்லாத்தான்டா இருக்கு. நேத்துக்கூட ரெண்டு தெரு தள்ளிப் போயி சண்ட போட்டுட்டு வந்துச்சு."

"அப்ப மாமியாருன்னு மாத்திக்க."

நான் கோபமாக எழுந்து வந்தேன். கோபத்தில் ஹெல்மெட்டை மறந்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போய் எடுக்கவேண்டியிருந்தது. கோபமாக வெளியேறுவதில்கூட எனக்கு ராசி கிடையாது.

மறுநாள் எனக்கு ஓய்வு. காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் நான் பேசப் பேசப் போனையே எழுதவைத்தேன். நான் ஆவேசத்தில் மூச்சு விடாமல் பேசினேன், அதுவும் மூச்சு விடாமல் எழுதியது. ஒரு புள்ளி இல்லை, ஒரு கமா இல்லை. நடுவில் கீரைக்காரரைப் பார்த்து நான் கத்தியதும் விளக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. "மேற்படி பயணியை நான் ஒருபோதும் முளைக்கீரை இருக்கா அவமதிக்கவில்லை" என்று இருந்தது. அழித்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். பதினொரு மணிக்குள் ஆறு பக்கம் ஆகியிருந்தது. ஒரு பத்திதான். ஆறு பக்கத்துக்கும் ஒரே பத்தி. அவர்கள் சொன்னபடியே செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரு திமிர் வேறு.

என் மனைவி எதிரே உட்கார்ந்து தீர்மானப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு அவள்தான் செயலாளர். முன்பு ஒருமுறை, கூட்டம் நடக்கும் வீட்டு நாய் கடிக்கிறது, இடத்தை மாற்றவேண்டும் என்பதையும், தையல் பயிற்சி வேண்டும் என்பதையும் ஒரே பத்தியில் எழுதி மேலே அனுப்பினார்கள். குழுவைப் பார்வையிட வந்த அதிகாரி மேடம், "நாய் விசயத்த உள்ளாட்சிக்கு எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தையல் பயிற்சி அந்த வருடம் பக்கத்துத் தெருக் குழுவுக்குப் போனது. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதிலிருந்து ஒரு பத்தியில் ஒரு விஷயத்துக்கு மேல் எழுதவிட மாட்டாள். வேறு உறுப்பினர் எழுதி வந்தால் கோடு போட்டு அடித்துவிடுவாள்.

அவளிடம் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஆறு பக்கம் எழுதியவனுக்கு ஒரு ஆள் பாராட்டவேண்டும் அல்லவா? நீட்டினேன். முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏங்க, நீங்க எந்த வருசம் வேலைக்குச் சேந்தீங்க, எந்தெந்த ரூட்டுல போனீங்க, எந்தக் கொழந்தைக்கு பஸ்ஸுல தண்ணி குடுத்தீங்க, எல்லாம் இருக்கு. நீங்க அதச் சொல்லலைங்கிறது எங்க இருக்கு?"

"நாலாம் பக்கம்."

"நாலாம் பக்கத்துல எங்க?"

"கீழ. அந்த டீ சிந்துன எடத்துல."

அவள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "டீதாங்க தெரியுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இங்க பாரு, எனக்குச் சோறு போடுற வேலை போகப்போகுது, நீ நக்கல் பண்ணிக்கிட்டு இருக்க. நான் யாரு, எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சாத்தான நான் சொல்லியிருக்க மாட்டேன்னு நம்புவாங்க?"

"நீங்க யாருன்னு அவங்க கேக்கல. சொன்னீங்களான்னு கேக்குறாங்க. கேட்டதுக்குப் பதில மொத வரியில வைங்க. மத்த வரியெல்லாம் அந்த வரிக்கு வேல செய்யணும். செய்யாத வரிய எறக்கி விட்ருங்க."

"எழுதுனத எப்படி எறக்குறது?"

"ஒங்க பஸ்ஸுல எப்படி எறக்குவீங்க? எங்க போகணும்னு கேப்பீங்கள்ல, அந்தப் பக்கம் போகாத பஸ்ஸுன்னா எறக்கி விடுவீங்கள்ல? அதே மாதிரி ஒவ்வொரு வரியையும் கேளுங்க."

அதற்கப்புறம் நடந்தது அட்டூழியம். பேனாவை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, "இது எங்க போகுது?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாவிட்டால் ஒரே அடி. சிறந்த பணிக்காக நான் வாங்கிய பாராட்டுத் தாள் இறங்கியது. தண்ணீர் கொடுத்த குழந்தை இறங்கியது. சித்தன்னவாசல் பிரிவில் நான் வெளியூர்க்காரர்களை அன்போடு வழிநடத்தும் அரைப் பக்கம் மொத்தமாக இறங்கியது. ஆறு பக்கத்தில் நான்கு வரி மிஞ்சியது. என் சர்வீஸையே நடுரோட்டில் இறக்கிவிட்டாற்போல எனக்கு ஆத்திரம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். முதல் வரியில், "புகாரில் கூறப்பட்டுள்ள சொற்களை நான் சொல்லவில்லை" என்று தனியாக நின்றதைப் பார்த்தபோது, மெமோ வந்ததிலிருந்து முதல்முறையாக, தேறிவிடலாம் என்று தோன்றியது.

அந்த நிம்மதி அரை நிமிடம் இருந்தது. அவள் நான்கு வரியையும் திரும்ப வாசித்தாள். நிறுத்தினாள்.

"நடுவுல ஒரு ஸ்டாப்ப விட்டுட்டீங்க."

"எந்த ஸ்டாப்பு?"

"வெள்ளச் சட்டக்காரன் சொல்லிட்டான். அடுத்த வரியில, 'அதன்பின் நான் அடுத்த பயணிக்குப் பயணச்சீட்டு வழங்கினேன்'னு இருக்கு. அவன் சொன்னதுக்கும் நீங்க டிக்கெட் குடுத்ததுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"ஒண்ணும் நடக்காமயா அந்தம்மா ஒங்க மேல புகார் குடுத்துச்சு? சொன்னவன் பின்னாடி நின்னான். அது ஏன் ஒங்களப் பாத்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? யூனிஃபார்ம் போட்டிருக்கேன், எவன் என்ன சொன்னாலும் காக்கிச் சட்ட மேலதான் விழும்."

"அது காரணம் இல்லைங்க. அது பொலம்பல்."

கத்தினேன். எங்கள் வீடு சின்ன வீடு. கத்தினால் சுவரில் பட்டு என் காதிலேயே வந்து விழும். "நீ யாரு பக்கம் பேசுற? எம் பக்கமா, அந்தப் பொம்பள பக்கமா?"

"நான் இந்தப் பத்தி பக்கம்" என்றாள். சொல்லிவிட்டுத் தன் தீர்மானப் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். அதைவிடக் கொடுமையான பதிலை என்னிடம் இதுவரை எந்த அதிகாரியும் சொன்னதில்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் போதும், ஒரே ஒரு வரி. "அப்போது நான் பணியில் கவனமாக இருந்தேன்." எழுதினேன். கவனமாக இருந்தவன் அவன் சொன்னதை எப்படிக் கேட்டான்? அடித்தேன். "அப்போது பேருந்தில் இரைச்சலாக இருந்தது." இரைச்சலில் அந்த அக்காவுக்கு மட்டும் எப்படிக் கேட்டது? அடித்தேன். "அப்பெண் பயணி தவறாகப் புரிந்துகொண்டார்." இது நன்றாக இருந்தது. எதை? அடுத்த வரி அதைத்தான் கேட்டது. எதைப் புரிந்துகொண்டார், எதை வைத்து? நான் எந்த வரியை வைத்தாலும் அடுத்த வரி வந்து அதன் சட்டையைப் பிடித்தது. எனக்கு அந்தக் காகிதத்தின் மேலேயே கோபம் வந்துவிட்டது. கசக்கி எறிந்தேன். பிறகு பயத்தில் குனிந்து எடுத்து, பெஞ்சில் வைத்துத் தேய்த்துச் சுருக்கம் எடுத்தேன். டீக்கடைக்காரர், "அண்ணே, என்ன, பத்திரமா?" என்றார். "ஆமா, ஒன் கடைய எழுதி வாங்குறேன்" என்றேன். வழக்கம்போல நானே அதற்குச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு வாயிலிருந்து வெளியே போன உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் சிரிப்பு சின்னச் சிரிப்பு அல்ல. முன் வாசலில் சிரித்தால் பின்சீட்டில் தூங்குகிறவன் விழித்துக்கொள்வான். டிரைவர்கள் அதை ஏர் ஹாரன் என்பார்கள். அன்றைக்கு வெள்ளைச் சட்டைக்காரன் தாடையை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, பாதிக் குரலில் அதைச் சொன்னான். நான் சிரித்தேன். பெரிதாக. சிரிக்கவேண்டும் என்று யோசித்துச் சிரிக்கவில்லை, யார் எதைச் சொன்னாலும் சிரித்துப் பழகின வாய். அந்த அக்கா திரும்பிப் பார்த்தபோது அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயைத் திறந்துகொண்டு நின்றது நான் ஒருவன்தான். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் டிக்கெட் மெஷினைத் தட்டி, "அடுத்து யாரு" என்றேன். அவர் இறங்கும்வரை அந்தப் பக்கமே போகவில்லை.

இதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். காலையிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றித்தான் ஆறு பக்கம் எழுதியிருந்தேன். இது புரிந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மெமோ போட்டவர் மேல், வெள்ளைச் சட்டைக்காரன் மேல், ஃபார்மட் அனுப்பியவர் மேல், ஸ்டாப்பை விட்டுவிட்டீர்கள் என்று சொன்ன என் மனைவி மேல். கடைசியாகத்தான் என் மேல். அந்த வரிசையிலும் நான் கடைசி சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து, "சிரிச்சேன்" என்றேன்.

"ம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சத்தமாவா?"

"என் சிரிப்பு ஒனக்குத் தெரியாதா?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அவளும் தினமும் பஸ்ஸில் போகிறவள். அதே கட்டணமில்லா டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உட்காரும் இடம் தேடுகிறவள்.

"அப்ப அந்த வரியப் போடுங்க" என்றாள்.

"போடலாம். கடைசியில போடலாம். 'மேலும், அச்சமயம் நான் சற்றுப் புன்னகைத்திருக்கக்கூடும்.' எப்படி?"

"ஒங்களுக்குப் புன்னகைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம்?"

நான் அந்த வரியை இரண்டாவதாக வைத்துப் பார்த்தேன். நடுவில் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் பத்தி இரண்டாகப் பிளந்தது. மேல் பாதி நான் சொல்லவில்லை என்றது, கீழ்ப் பாதி நான் சிரித்தேன் என்றது. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன. ஒரு பத்தியில் ஒரு விஷயம் என்றால் இதில் எது விஷயம்? நான் சொல்லாதது எனக்கு முக்கியம். ஆனால் நடந்ததை வைத்துப் பார்த்தால் வெள்ளைச் சட்டைக்காரன் சொன்னதற்கும் அந்த அக்கா என்னைப் பார்த்ததற்கும் நடுவில் நிற்பது சிரிப்புதான். அதை முதல் வரியில் வைத்தேன். கை கூசியது. வைத்ததும் மற்ற வரிகள் சண்டை போடாமல் ஒன்றின் பின் ஒன்றாக வந்து நின்றன. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் எழுதிக் கொடுத்தது இது:

"மேற்படி நாளில் ஆண் பயணி ஒருவர் பெண் பயணியை இழிவாகப் பேசியபோது, நடத்துநராகிய நான் அதைத் தடுக்காமல் சத்தமாகச் சிரித்தேன். சொன்னவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். பெண் பயணி திரும்பிப் பார்த்தபோது சிரித்துக்கொண்டிருந்தது நான் மட்டுமே. சொன்னது நான் இல்லை என்று அவரிடம் நான் கூறவில்லை, அப்படிச் சொன்னது தவறு என்று அந்த ஆணிடமும் கூறவில்லை. பெண் பயணி இறங்கும்வரை அவர் இருக்கைப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். ஆகவே, அச்சொற்களைச் சொன்னேன் என்பதை மறுக்கிறேன்; சிரித்ததை ஒப்புக்கொள்கிறேன்."

மூன்றாம் நாள் கிளார்க்கிடம் நீட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிப் படித்தார்.

"யோவ், சிரிச்சேன்னு எவனாச்சும் எழுதிக் குடுப்பானாய்யா?"

"நடந்துச்சு சார்."

"நடந்தா? புகார்ல சொன்னேன்னுதான் இருக்கு, சிரிச்சேன்னு இல்லையே. கேக்காததுக்கு ஏன் பதில் சொல்றீங்க? அந்த மொத வரிய மட்டும் எடுத்துருங்க, மத்தது நல்லா இருக்கு."

"அத எடுத்தா மத்த வரியெல்லாம் விழுந்துரும் சார்."

ஃபார்மட் வைத்திருந்த நண்பர் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "மாப்ள, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு எழுத ஒனக்கு என்ன வலி? நீயே வெளக்குப் புடிச்சுக் காட்டுற, இங்கன வெட்டுங்கன்னு." எனக்கும் அந்த நிமிடம் அதேதான் தோன்றியது. "சார், ஒரு நிமிசம் குடுங்க" என்று காகிதத்தைத் திரும்பப் பிடுங்க என் கை நீண்டதுகூட உண்மை. கிளார்க் அதற்குள் முத்திரை குத்திவிட்டார். என் நேர்மையில் பாதி அந்த முத்திரையின் வேகம்.

மேலாளர் நின்றுகொண்டே படித்தார். "இது எந்த ஃபார்மட்?" என்றார்.

"ஃபார்மட் இல்லைங்கய்யா."

"ம். போங்க, ஆர்டர் வரும்."

அடுத்த வாரம் வந்தது. அதுவும் ஒரே பத்தி. பன்னிரண்டு வரி, ஒரே வாக்கியம், பார்வையில் காணும் கடிதமும் மேற்படி நபரும் மேற்படி விளக்கமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. என்னை என்ன செய்தார்கள் என்று தெரிய இரண்டு தடவை படிக்கவேண்டியிருந்தது. அடியில் இருந்தது: பணியின்போது பயணி முன்னிலையில் சிரித்தமைக்காகக் கண்டிக்கப்படுகிறார், பணிப்பதிவேட்டில் பதியப்படுகிறது. கிளை முழுக்க அன்றைக்கு என்னைச் 'சிரிப்பு கேஸ்' என்றார்கள். அதே வாரம் ஸ்டாப்பில் நிற்காமல் போன ஒரு டிரைவர், தாயாரை நோயாளியாக்கிவிட்டு ஒரு கீறல் இல்லாமல் தப்பித்தார். எனக்கு இருபத்திரண்டு வருடத்தில் முதல் கறை. உண்மையை ஒழுங்கு வரிசையில் எழுதிக் கொடுத்ததற்கு.

அந்தக் கொதிப்போடுதான் மறுநாள் காலை நடையில் ஏறினேன். அந்த அக்கா தன் ஊர் ஸ்டாப்பில் சட்டியோடு ஏறி, அதே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். புகாருக்கு அப்புறம் நான் அவரிடம் டிக்கெட் கொடுக்கும்போது மெஷினைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பொறுக்கமுடியவில்லை.

"அக்கா, நான் அதச் சொல்லலக்கா. எழுதிக் குடுத்துட்டேன். சொன்னது வேற ஆளு."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அந்தாளு எங்க மேஸ்திரிக்குக் கூட்டாளி. வேல நடக்குற எடத்துல தெனமும் வந்து ஒக்காந்துக்கிட்டு இதே பேச்சுத்தான். அவன் கொரலு எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தலைக்கு ஏறியது. "தெரிஞ்சுக்கிட்டேவா எம் மேல புகார் குடுத்தீங்க? பதிவேட்டுல ஏத்திட்டாங்கக்கா. சிரிச்சதுக்குன்னு போட்டு ஏத்திட்டாங்க."

அவர் தூக்குவாளியை மடியில் நேராக வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் போன்ல சொல்லச் சொன்னதே அதத்தான். கண்டக்டரு சிரிச்சாருன்னு. எங்க கொழுந்தன் மகன்தான் பேசுனான். சிரிச்சதுக்கெல்லாம் புகார் எடுக்க மாட்டாங்க, சொன்னாருன்னே சொல்லிருவோம்னு அவனாப் போட்டுட்டான். அவன் போட்டது தப்புத்தான்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"அந்தாளு அப்படித்தான் பேசுவான், காதுல வாங்குறதில்ல. நீங்க ஏன் சிரிச்சீங்க?"

அவர் கையை நீட்டினார். டிக்கெட்டைக் கொடுத்தேன். வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புதுக்கோட்டை வரை நான் டிக்கெட்டை மட்டும்தான் கொடுத்தேன், அதோடு கேலியும் இல்லை, சிரிப்பும் இல்லை. டிரைவர் இரண்டு தடவை கண்ணாடியில் எட்டிப் பார்த்தார், நான் பஸ்ஸில் இருக்கிறேனா இல்லை வழியில் எங்காவது விழுந்துவிட்டேனா என்று.